அமோய் கார்டன்ஸ், 2003: வீட்டுக்குள் வந்த காற்றும் வற்றிப்போன நீரும்

ஃபெங் சுயி என்ற சீனச் சொல்லின் நேர்ப்பொருள் "காற்று, நீர்" என்பதுதான். நம் ஊர்க் கடைகளில் சிரிக்கும் புத்தரையும் மூன்று கால் தவளையையும் கண்ணாடிக் குவளையில் நட்ட மூங்கில் குச்சிகளையும் வாங்கி வருகிறவர்களிடம் இந்தப் பொருளை யாரும் சொல்வதில்லை. வீட்டுக்குள் காற்று எந்த வழியாக வருகிறது, எந்த வழியாகப் போகிறது, தண்ணீர் எங்கே நிற்கிறது, எங்கே ஓடுகிறது என்று கேட்பதில் தொடங்கிய ஒரு கலை, எந்த மூலையில் எந்தப் பொம்மையை வைப்பது என்ற கேள்வியில் வந்து நிற்கிறது. வீட்டுச் சூழல் மனிதரின் நலத்தை எப்படிப் பாதிக்கிறது என்று ஆராய விரும்புகிறவர்கள் அந்த இரண்டு பழைய சொற்களையும் நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை, ஃபெங் சுயி அன்றாட வாழ்வோடு கலந்திருக்கும் ஹாங்காங்கிலேயே நடந்த ஒரு நிகழ்வு எனக்குக் காட்டியது. 2003 மார்ச் மாதத்தில் தொடங்கி, கவ்லூனின் ஙாவ் தாவ் கோக் பகுதியில் உள்ள அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில், மூன்று நான்கு வாரங்களுக்குள் 300க்கும் மேற்பட்டோர் சார்ஸ் என்னும் கடுமையான சுவாசத் தொற்றுநோய்க்கு ஆளானார்கள். நோயாளியைத் தொட்டவர், அருகில் நின்று பேசியவர் என்ற வழக்கமான கணக்கால் அந்த எண்ணிக்கையை விளக்க முடியவில்லை. நோய் பரவியதில் வீட்டின் அமைப்புக்கே பங்கு இருந்தது.

பழைய கணக்கு

ஃபெங் சுயியின் மூல நூல்களில் ஒன்று, கி.பி. 276 முதல் 324 வரை வாழ்ந்த சீன அறிஞர் குவோ பூவின் பெயரில் வழங்குகிறது. இறந்தவர்களை அடக்கம் செய்வதற்கான இடத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று கூறும் நூல் அது. 'சீ' என்னும் உயிராற்றல் காற்றில் ஏறினால் சிதறிவிடும், நீரின் எல்லையைத் தொட்டால் நின்றுவிடும் என்ற கருத்து அதில் வருகிறது. காற்றை அடக்குவதும் நீரைப் பெறுவதும்தான் நல்ல இடத்தின் இலக்கணம் என்பது இதிலிருந்து கிளைத்தது. பிற்காலத்தில் இந்தக் கலை இரண்டு மரபுகளாக வளர்ந்தது. மலையின் வடிவம், ஆற்றின் வளைவு, நிலத்தின் சரிவு ஆகியவற்றைக் கண்ணால் பார்த்து இடம் குறிப்பது ஒன்று. லோபான் என்னும் காந்த ஊசிப் பலகையை வைத்துக்கொண்டு, திசையையும் குடியிருப்பவரின் பிறந்த காலத்தையும் சேர்த்துக் கணிப்பது மற்றொன்று. இன்று நகரங்களில் ஆலோசனைக் கட்டணம் வாங்குகிறவர்கள் இரண்டையும் கலந்தே செய்கிறார்கள். ஆனால் வாழுமிடத்தின் நலத்தைப் பற்றி நமக்கு ஏதேனும் கற்றுத் தருவது முதல் மரபுதான் என்பது என் உறுதியான கருத்து.

அதற்குச் சான்று ஹாங்காங்கின் நியூ டெரிட்டரிஸ் பகுதிக் கிராமங்களில் இன்றும் நிற்கிறது. பழைய கிராமங்கள் பலவற்றில், வீட்டு வரிசைகளுக்குப் பின்னால் மலைச்சரிவு எழும். அந்தச் சரிவில் பிறை வடிவில் அடர்ந்த காடு ஒன்று கிராமத்தை அணைத்தபடி இருக்கும். முன்புறம் வயலோ குளமோ ஓடையோ இருக்கும். பின்னால் இருக்கும் அந்தக் காட்டுக்கு ஃபெங் சுயிக் காடு என்றே பெயர். இத்தகைய காடுகள் 100க்கும் மேல் அங்கே கணக்கெடுக்கப்பட்டுள்ளன. கோடரி படாமல் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டதால், சுற்றுப்புற மலைகள் விறகுக்காக மொட்டையடிக்கப்பட்ட காலத்திலும் இவை தப்பின. 300 ஆண்டுகளுக்கும் மேல் பழமையான லாய் சி வோ என்ற, ஹக்கா என்னும் சீன இனக்குழுவினரின் கிராமத்தின் காடு இவற்றுள் பெயர்பெற்றது. அந்தக் காடு குளிர்காலத்து வடக்குக் காற்றைத் தடுக்கிறது, கோடையில் நிழல் தருகிறது, பெருமழையில் சரிவின் மண் கிராமத்தின்மேல் இறங்காமல் வேரால் பிடித்துக்கொள்கிறது. கிராமத்தார் இதை நல்வினை என்றும் முன்னோர் அருள் என்றும் சொன்னார்கள். எந்தப் பெயரில் சொன்னாலும் வேர் மண்ணைப் பிடித்தது. இந்த நம்பிக்கை வெறும் கிராமத்து வழக்கமாக நின்றுவிடவில்லை. அரசின் சாலைப் பணியோ வடிகால் பணியோ ஒரு கிராமத்தின் ஃபெங் சுயியைக் குலைத்ததாகக் கிராமத்தார் முறையிட்டால், அதைச் சரிசெய்யும் 'துன் ஃபு' சடங்குக்கு ஹாங்காங் அரசே பணம் வழங்கி வந்திருக்கிறது.

இத்தகைய நிலத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள், மலையும் குளமும் காடும் இல்லாத 33 மாடிக் கட்டடத்தில் காற்றும் நீரும் என்னவாயின என்பதுதான் இனி வருவது.

இடம்

அமோய் நிறுவனத்தின் சோயா சாஸ் தொழிற்சாலை இருந்த நிலத்தில், 1980களில் கட்டப்பட்ட தனியார் குடியிருப்பு அமோய் கார்டன்ஸ். பெயரும் அங்கிருந்து வந்ததுதான். மொத்தம் 19 கட்டடங்கள். நிகழ்வின் மையமான 'இ' பிளாக்கில் 33 மாடிகள், மாடிக்கு 8 வீடுகள். மேலிருந்து பார்த்தால் சிலுவை போன்ற அமைப்பு. சிலுவையின் கைகளில் வீடுகள் அடுத்தடுத்து இருக்க, பக்கத்து வீடுகளின் குளியலறைச் சன்னல்கள் எதிரெதிராகத் திறக்கும் குறுகலான இடைவெளி ஒன்று அடியிலிருந்து உச்சிவரை செல்லும். அகலம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். ஆழம் 33 மாடி. சென்னையிலோ கோவையிலோ அடுக்குமாடியில் இருப்பவர்கள் இதை 'டக்ட்' என்பார்கள். கழிவுநீர்க் குழாய்கள் இறங்குவதும், எக்ஸாஸ்ட் ஃபேன்கள் காற்றைத் தள்ளுவதும், துணி காயப்போடுவதும் எல்லாம் அந்த இடுக்கில்தான். வெளிச்சமும் காற்றும் வருவதற்கென்று வரைபடத்தில் விடப்பட்ட இடம் அது.

கழிவுநீர் ஏற்பாட்டையும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நிகழ்வின் உயிர்நாடி அதில்தான் இருக்கிறது. கட்டடத்தில் எட்டுச் செங்குத்துக் குழாய்கள் இருந்தன. ஒவ்வொரு மாடியிலும் ஒரே வரிசையில் உள்ள வீடுகள், அதாவது 7ஆம் எண் வீடுகள் எல்லாம் ஒரு குழாயையும் 8ஆம் எண் வீடுகள் எல்லாம் வேறொரு குழாயையும் பகிர்ந்துகொண்டன. கழிப்பறைக் கோப்பை, கை கழுவும் பேசின், குளியல் தொட்டி, குளியலறைத் தரையில் உள்ள வடிகால் ஆகிய நான்கும் அந்தக் குழாயில் இணைந்தன. நான்குக்கும் அடியில் ஆங்கில 'யு' எழுத்தைப் போல வளைந்த ஒரு பகுதி உண்டு. நம் ஊர்ப் பிளம்பர்கள் தரை வடிகாலில் வைப்பதை 'நானி ட்ராப்' என்பார்கள். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். வழக்கமாக இரண்டு அங்குல உயரம், அவ்வளவுதான். வீட்டிலிருந்து கீழே போகும் தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். குழாயிலிருந்து மேலே வர முயலும் காற்றை அது தடுத்து நிறுத்தும்.

ஒரு மாதம் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்த் திரும்பிய எவருக்கும் இந்தத் தண்ணீரின் அருமை தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் கோடை விடுமுறை முடிந்து எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தபோது, பூசையறையில் வைத்த ஊதுவத்தி மணத்தையும் மீறிச் சாக்கடை நாற்றம் அறை முழுவதும் நிறைந்திருந்தது. எலி செத்துக் கிடக்கிறதோ என்று கட்டிலுக்கு அடியில் எல்லாம் தேடினோம். கடைசியில் வந்த பிளம்பர் எதையும் கழற்றவில்லை. குளியலறைத் தரையின் ஜல்லடைத் தட்டைத் தூக்கி, செல்போன் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தார். வளைவு காய்ந்து, உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, "காத்து ஏறுது சார், இனிமே ஏறாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அரை மணி நேரத்தில் நாற்றம் அடங்கியது. குவோ பூவின் பெயரில் வழங்கும் அந்தப் பழைய வாக்கியத்தைப் பிறகு படித்தபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பிளம்பரின் குரல்தான்.

நிகழ்ந்தது

2003 மார்ச் 14ஆம் தேதியும் 19ஆம் தேதியும், ஷென்ஜென் நகரைச் சேர்ந்த 33 வயது ஆண் ஒருவர் 'இ' பிளாக்கில் இருந்த தம் சகோதரரின் வீட்டுக்கு வந்தார். நாட்பட்ட சிறுநீரக நோய்க்காக ஹாங்காங்கின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மருத்துவமனைக்கு வந்து போய்க்கொண்டிருந்தவர் அவர். அந்த மருத்துவமனையில் அப்போது சார்ஸ் பரவியிருந்தது. அவருக்கும் தொற்றியிருந்தது, வயிற்றுப்போக்கும் இருந்தது. சகோதரர் வீட்டுக் கழிப்பறையைப் பயன்படுத்தினார். நோயுற்றிருந்த ஒருவர் உறவினர் வீட்டில் தங்கினார் என்பதற்கு மேல் இதில் அவர்மீது சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

அடுத்த பத்து நாட்களில் மருத்துவமனைகளுக்கு வந்தவர்களின் முகவரிகள் ஒரே குடியிருப்பைச் சுட்டத் தொடங்கின. மார்ச் 31 வரை அமோய் கார்டன்ஸிலிருந்து 213 பேர் சேர்க்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் 107 பேர் 'இ' பிளாக்கைச் சேர்ந்தவர்கள். அந்த 107 பேரிலும் பெரும்பாலோர் ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்த வீடுகளில் வசித்தவர்கள். தொற்றுநோய் ஒரு மாடியின் நடைவழியில் கிடைமட்டமாகப் பரவும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு, அது மேலும் கீழுமாகப் பரவியிருப்பது முதல் துப்பாக அமைந்தது. அன்றே தனிமைப்படுத்தல் ஆணை பிறப்பிக்கப்பட்டு 'இ' பிளாக்கின் வாயில் அடைக்கப்பட்டது. ஆணை வருவதற்கு முன்பே பல குடும்பங்கள் அச்சத்தில் வெளியேறிவிட்டிருந்தன. எஞ்சியவர்களை அங்கேயே வைத்திருப்பது ஆபத்து என்பது மறுநாளே தெளிவானது. ஏப்ரல் 1ஆம் தேதி மாலையில் அவர்கள் லேய் யூ முன், சாய் குங் ஆகிய இடங்களில் உள்ள விடுமுறை முகாம்களுக்கு மாற்றப்பட்டு, தனிமைக் காலம் முடியும்வரை அங்கே வைக்கப்பட்டார்கள்.

ஏப்ரல் 15 வரையிலான கணக்கில் 321 பேர். அவர்களில் 41 சதவீதம் 'இ' பிளாக், 15 சதவீதம் 'சி', 'பி'யிலும் 'டி'யிலும் தலா 13 சதவீதம், மீதி வேறு கட்டடங்களில் சிதறியிருந்தது. இந்த நோயாளிகளில் மூவரில் இருவருக்கு வயிற்றுப்போக்கு இருந்தது; பிற இடங்களில் சார்ஸ் கண்டவர்களிடம் அது அரிதாகவே காணப்பட்டது. இறுதிக் கணக்கில் அமோய் கார்டன்ஸில் 329 பேர் நோயுற்று 42 பேர் இறந்தார்கள். ஹாங்காங் முழுவதற்குமான எண்ணிக்கை 1,755 நோயாளிகள், 299 இறப்புகள். ஏறத்தாழ ஐந்து நோயாளிகளில் ஒருவர் இந்த ஒரே முகவரியைச் சேர்ந்தவர்.

வளைவில் நீர் இல்லை

ஹாங்காங் சுகாதாரத் துறையின் விசாரணையும் அதைத் தொடர்ந்து உலக சுகாதார நிறுவனத்தின் சுற்றுச்சூழல் குழு நடத்திய விசாரணையும் கண்டறிந்தவை எல்லாம் மிகச் சாதாரணமான பொருள்கள். எந்த வீட்டிலும் இருப்பவை.

முதலாவது, அந்த 'யு' வளைவு. குளியலறையில் தொட்டி வைத்துக் குளிக்கும் பழக்கத்தால் தரையில் தண்ணீர் விழுவது குறைந்திருந்தது. தரையை நீர் ஊற்றிக் கழுவாமல் ஈரத் துணியால் துடைத்து வைப்பதே பலர் வழக்கம். சுத்தமான, நேர்த்தியான வழக்கம். அதைக் குறை சொல்ல எவருக்கும் தோன்றாது. ஆனால் தரை வடிகாலுக்குள் மாதக்கணக்கில் தண்ணீர் போகவில்லை, வளைவு வற்றிவிட்டது. கோப்பையிலும் பேசினிலும் தினம் தண்ணீர் ஓடியதால் அவற்றின் வளைவுகளில் நீர் நின்று காற்றைத் தடுத்தது. தரை வடிகால் மட்டும், 33 மாடிகளுக்குப் பொதுவான கழிவுக் குழாயைப் பார்த்தபடி வாய் திறந்து கிடந்தது.

இரண்டாவது, எக்ஸாஸ்ட் ஃபேன். நான்கைந்து எட்டில் கடந்துவிடக்கூடிய குளியலறைக்குத் தேவையானதைவிட வலுவான விசிறிகளை மக்கள் பொருத்தியிருந்தார்கள். கதவை மூடிக்கொண்டு விசிறியைப் போட்டால், அது அறையின் காற்றை டக்டுக்குள் தள்ளும். தள்ளிய அளவுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். கதவு மூடியிருக்கிறது. வற்றிய வடிகால்தான் திறந்திருக்கிறது. மேல்மாடியிலோ கீழ்மாடியிலோ ஒருவர் கோப்பையைக் கழுவும்போது குழாய்க்குள் எழும் நுண்துளிகள், அந்த இழுப்பில் அறைக்குள் வந்தன. அதே விசிறி அவற்றை டக்டுக்கும் அனுப்பியது. குளியலறையின் வெதுவெதுப்பான ஈரக்காற்று அந்த ஒன்றரை மீட்டர் இடுக்கில் புகைபோக்கியில் எழுவது போல மேலே எழுந்து, திறந்திருந்த சன்னல்கள் வழியே மற்ற வீடுகளுக்குள் நுழைந்தது.

நான்காம் மாடி மட்டத்தில், கழிவுநீர்க் குழாயோடு இணைந்த காற்றுக்குழாய் ஒன்றில் விரிசல் இருந்ததும், மார்ச் 21ஆம் தேதி மாலை தொடங்கி 16 மணி நேரம் கழிப்பறைக்கான நீர் வழங்கல் தடைப்பட்டதும் அறிக்கையில் பதிவாகியுள்ளன. இவற்றின் பங்கு எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எலிகள் நோயைக் கடத்தியிருக்கலாம் என்ற வாதமும் அப்போது எழுந்தது. 2004 ஏப்ரலில் ஹாங்காங் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியைக் காற்றோட்டத்தின் கணக்கால் அணுகியது. நோயுற்றவர்களில் 187 பேரின் வீடுகள் எந்த மாடியில், எந்தத் திசையில் இருந்தன என்பதை, கணினியில் கட்டியமைத்த காற்றோட்ட மாதிரியோடு அவர்கள் ஒப்பிட்டார்கள். நடு மாடிகளிலும் மேல் மாடிகளிலும் இருந்தவர்களுக்குக் கீழ் மாடிக்காரர்களைவிட அபாயம் கூடுதல் என்று தெரிந்தது. டக்டில் காற்று மேல்நோக்கி எழுந்ததோடு அது பொருந்தியது. 'பி', 'சி', 'டி' கட்டடங்களில் நோய் பரவிய விதமும், 'இ' பிளாக்கிலிருந்து வெளியேறிய காற்று சென்றிருக்கக்கூடிய பாதையோடு ஒத்துப்போனது.

மூடி வைத்த கதவு

ஃபெங் சுயியைப் பின்பற்றும் வீடுகளில் குளியலறையைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் விதி ஒன்று உண்டு. கழிப்பறை வழியாக வீட்டின் செல்வமும் நல்லாற்றலும் வடிந்து போய்விடும். ஆகவே கோப்பையின் மூடியையும் குளியலறைக் கதவையும் எப்போதும் சாத்தியே வைக்க வேண்டும் என்பது அது. கழிவிடத்தின் காற்று வாழுமிடத்தோடு கலக்கக் கூடாது என்ற உணர்வு இந்த விதியின் அடியில் இருக்கிறது. அந்த உணர்வு சரியானது. இந்திய வாஸ்து மரபிலும் கழிப்பிடத்தை ஒதுக்கி வைக்கும் அக்கறை இதே உணர்வில் பிறந்ததுதான்.

ஆனால் அமோய் கார்டன்ஸில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். வற்றிய வடிகாலும் வலுவான விசிறியும் உள்ள அறையில் கதவைச் சாத்தியதுதான், குழாயிலிருந்து காற்றை இழுக்கும் நிலையை உண்டாக்கியது. கதவு சற்றுத் திறந்திருந்தால், அல்லது அடியில் காற்றுப் போகும் இடைவெளி போதுமான அளவு இருந்தால், விசிறிக்குத் தேவையான காற்று கூடத்திலிருந்து வந்திருக்கும். ஒரு விதி எந்தக் காரணத்துக்காகப் பிறந்ததோ அந்தக் காரணத்தை மறந்து விதியை மட்டும் கடைப்பிடிக்கும்போது, அது காக்க வேண்டியவரையே அபாயத்தில் தள்ளக்கூடும் என்பதற்கு இதைவிடத் துலக்கமான காட்சியை நான் கண்டதில்லை. கதவைச் சாத்தியவர்கள் ஃபெங் சுயி நம்பிக்கையால் சாத்தினார்கள் என்று நான் சொல்லவில்லை. குளிக்கப் போகிறவர் எவரும் கதவைச் சாத்துவார். திசையையும் மூலையையும் பற்றி ஆயிரம் விதிகளைச் சேர்த்துவைத்த மரபுகள், ஃபெங் சுயியானாலும் வாஸ்துவானாலும், தரை வடிகாலுக்குள் ஒரு குவளைத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லாமல் விட்டது எனக்கு உறுத்துகிறது. நீரின் எல்லையைத் தொட்டால் சீ நின்றுவிடும் என்ற அந்தப் பழைய வாக்கியத்தை மலையடிவாரக் கல்லறைக்குப் பொருத்தத் தெரிந்தவர்களுக்கு, அதைத் தம் குளியலறைக்குப் பொருத்திப் பார்ப்பது முடியாத காரியமாக இருந்திருக்காது.

மனத்தின் பக்கம்

வீட்டுச் சூழல் உடலை மட்டும் தொடுவதில்லை. ஃபெங் சுயியால் வாழ்க்கை சீரானது என்று சொல்கிறவர்களை நான் ஏமாந்தவர்கள் என்று ஒதுக்க மாட்டேன். கட்டிலில் படுத்தபடி அறைவாசல் கண்ணில் படும்படி கட்டிலைத் திருப்பிப் போடச் சொல்வது அதன் பொதுவான அறிவுரைகளில் ஒன்று. முதுகுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரியாத இடத்தில் உடம்பு தளர மறுப்பது எல்லோரும் உணர்ந்ததுதான். வாசலில் குவிந்த செருப்பையும் பழைய நாளிதழையும் அகற்றச் சொல்வதும் அப்படியே. சன்னல் வழியே பசுமை தெரிய வேண்டும் என்ற பழைய ஆசைக்கு மருத்துவ ஆதாரமும் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை ஆராய்ந்து ராஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட ஆய்வில், சன்னலுக்கு வெளியே மரங்களைப் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாட்களிலும், செங்கல் சுவரைப் பார்த்தவர்கள் 8.70 நாட்களிலும் வீடு திரும்பினார்கள். மரத்தைப் பார்த்தவர்கள் வலுவான வலிநிவாரணிகளையும் குறைவாகவே கேட்டார்கள். மாதிரி சிறியது, ஆனாலும் சன்னலின் வெளிப்புறம் நோயாளியின் நலத்தில் ஒரு பகுதி என்ற எண்ணத்தை மருத்துவமனைக் கட்டடக் கலைக்குள் கொண்டுவந்தது அந்த ஆய்வுதான்.

இந்த நோக்கில் அமோய் கார்டன்ஸ் மக்கள் அனுப்பப்பட்ட இடங்களை எண்ணிப் பார்க்கையில் மனம் கனக்கிறது. லேய் யூ முன் முகாம் 1987 வரை படைவீரர் குடியிருப்பாக இருந்த இடம். பின்னால் மலை, முன்னால் கடல் நுழைவாய். சாய் குங் முகாம் பசுமையான வனப்பூங்காவை ஒட்டியது. எந்த ஃபெங் சுயி வல்லுநரும் மெச்சும் நில அமைப்புகள் அவை. ஆனால் அங்கே இருந்தவர்களின் உறவினர்கள் மருத்துவமனையில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார்கள். தாம் திரும்பிப் போகவேண்டிய வீட்டுச் சுவருக்குள் எது பதுங்கியிருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மலையும் கடலும் அச்சத்தைப் போக்கிவிடவில்லை. தங்கள் வீட்டை மறுபடி நம்புவதற்கு அவர்களுக்குத் தேவைப்பட்டது, நோய் எந்த வழியாக வந்தது, அந்த வழியை எப்படி அடைப்பது என்ற தெளிவான பதில். ஏப்ரல் 10ஆம் தேதியை ஒட்டி அவர்கள் திரும்பியபோது வீடுகள் கிருமிநாசினியால் கழுவப்பட்டிருந்தன. அடுத்த ஒரு வாரத்தில், ஏப்ரல் 17 அன்று, அரசின் அறிக்கை வெளிவந்தது. வீட்டுச் சூழலால் வரும் மனநலத்தில் இந்தத் தெளிவுக்கு உள்ள பங்கை நாம் போதுமான அளவு பேசுவதில்லை என்று நினைக்கிறேன். தீய ஆற்றலைத் திருப்பி அனுப்பும் என்று ஃபெங் சுயியில் நம்பப்படும் எட்டுக்கோணக் கண்ணாடியைச் சன்னலில் மாட்டுவதால் கிடைக்கும் நிம்மதி, பக்கத்து வீட்டுக்காரர் தம் சன்னலில் அதைவிடப் பெரிய கண்ணாடியை மாட்டும் நாள்வரைதான். வடிகாலில் தண்ணீர் நிற்பதைப் பார்த்துவிட்டு வந்து படுக்கிறவரின் நிம்மதி அப்படிக் குலைவதில்லை.

பிறகு நடந்தவை

நிகழ்வுக்குப் பின் ஹாங்காங் மக்களுக்கு வழங்கப்பட்ட அறிவுரைகளில் முதன்மையானது எளிமையானது: ஒவ்வொரு வடிகாலுக்குள்ளும் வாரம் ஒருமுறை அரை லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். இதற்கு ஆகும் செலவு ஏதுமில்லை. குழாய்களில் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பதும், வீட்டைப் புதுப்பிக்கும்போது கழிவுக் குழாய்களை விருப்பம்போல் மாற்றாமல் இருப்பதும் அடுத்து வந்தன.

காற்றைப் பற்றிய சிந்தனை வீட்டைத் தாண்டி ஊருக்கும் விரிந்தது. 2003 மே மாதத்தில் அரசு அமைத்த தூய்மைக் குழுவின் பணியைத் தொடர்ந்து, புதிய கட்டுமானங்கள் சுற்றுப்புறத்தின் காற்றோட்டத்தை எப்படிப் பாதிக்கும் என்று முன்கூட்டியே ஆராயும் முறை உருவாக்கப்பட்டு, 2006இல் பெரிய அரசுத் திட்டங்களுக்கு நடைமுறைக்கு வந்தது. கடற்கரையோரம் ஒன்றையொன்று ஒட்டி எழும்பி, பின்னால் உள்ள பழைய தெருக்களுக்குக் காற்றே போகாமல் மறிக்கும் கட்டட வரிசைகளை ஹாங்காங் மக்கள் 'திரைச்சுவர் வீடுகள்' என்ற பொருளில் அழைத்து எதிர்த்தார்கள். கிராமத்துக்குப் பின்னால் காட்டை விட்டுவைத்தவர்களின் பேரப்பிள்ளைகள், நகரத்துக்குள் காற்றுக்கு வழிவிடச் சொல்லிக் கேட்டார்கள் என்று இதைப் பார்க்கத் தோன்றுகிறது. ஆயினும் அதே நகரத்தில் 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர், ஒரே வீட்டைப் பல துண்டாகத் தடுத்து வாடகைக்கு விட்ட அறைகளில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவற்றில் பலவற்றில் சமையலும் கழிப்பறையும் அருகருகே. சில அறைகளுக்குச் சன்னலே இல்லை. ஒவ்வொரு தடுப்புக்கும் புதிதாக ஒரு கழிப்பறை, அதற்குப் புதிதாக ஒரு குழாய் இணைப்பு. வீட்டுச் சூழலும் நலமும் என்ற பேச்சை இவர்களிடம் கொண்டுபோகும்போது, கட்டிலை எந்தத் திசையில் போடுவது என்று சொல்வதற்கு அந்த அறையில் இடமே இல்லை.

2020 பிப்ரவரியில், கொரோனா பரவத் தொடங்கிய நாட்களில், ஹாங்காங்கின் சிங் யீ தீவில் உள்ள சியுங் ஹாங் குடியிருப்பின் ஹாங் மெய் கட்டடத்தில், பத்து மாடி இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரண்டு வீடுகளில் நோயாளிகள் கண்டறியப்பட்டார்கள். அதிகாரிகளும் நுண்ணுயிரியல் வல்லுநர்களும் கீழ் வீட்டின் குளியலறைக்குப் போய்ப் பார்த்தபோது, அங்கே மாற்றியமைக்கப்பட்டிருந்த காற்றுக்குழாய் ஒன்று மூடப்படாமல் இருந்தது. பதினேழு ஆண்டுகளுக்கு முந்தைய நினைவு அந்த ஊரை விட்டுப் போயிருக்கவில்லை. நோய் உண்மையிலேயே அந்த வழியாகத்தான் வந்ததா என்று முடிவு தெரியும்வரை எவரும் காத்திருக்கவில்லை. பிப்ரவரி 11ஆம் தேதி அதிகாலையில், அந்த ஒரே செங்குத்துக் குழாயைப் பகிர்ந்துகொண்ட வீடுகளில் இருந்த 100க்கும் மேற்பட்டோர் எழுப்பப்பட்டு, முகக்கவசத்தோடு கீழே அழைத்து வரப்பட்டார்கள். மற்ற மாடிகளிலும் இதே போன்ற குழாய்கள் சரியாக மூடப்பட்டிருக்கின்றனவா என்று பொறியாளர்கள் ஒவ்வொரு குளியலறையாகப் பார்க்கத் தொடங்கினார்கள்.